ஆர்எக்ஸ் 100: நாலாவது கியரில் கிளட்ச் ஸ்லிப், 80-ல் ஹேண்டில் உதறல்

நெல்லை_கருப்பு:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் பைக். மாமா ஓட்டியது, இப்போது என் கையில். எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. சிலிண்டர் போர் ஒரு முறை கடைந்தது (முதல் ஓவர்சைஸ்), இன்ஜின் சத்தம் சுத்தம். பிரச்சினை இரண்டு.

நாலாவதில் 55, 60-ல் போகும்போது முழுசாக முறுக்கினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி அதே வேகத்திலேயே போகிறது. கொஞ்சம் விட்டால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் மூன்றாவதிலேயே இந்தக் கூத்து.

அடுத்தது இன்னும் பயமாக இருக்கிறது. கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலையில் 80 தாண்டினால் ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று அடிக்கிறது. 70-க்கு இறங்கினால் அடங்கிவிடுகிறது.

இங்கே ஒரு மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் கிராங்க், கிளட்ச் செட், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கிற கிண்ணமும் குண்டும்) எல்லாம் மாற்ற வேண்டும் என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னார். அதைக் கேட்டதும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எதில் ஆரம்பிப்பது?

பழைய_பிஸ்டன்:
தம்பி, சாவியை வாங்கியது நல்ல காரியம். கிளட்ச் ஸ்லிப்புக்கும் கிராங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காசு செலவாகாத வேலையிலிருந்து ஆரம்பியுங்கள். வண்டி குளிர்ந்திருக்கும்போது கிளட்ச் லிவரை ஒரு விரலால் மெதுவாக இழுங்கள். கேபிள் இறுகுவதற்கு முன்னால் லிவர் சும்மா நகர வேண்டும். லிவருக்கும் ஹோல்டருக்கும் நடுவில், பிவட் பக்கத்தில் 2, 3 மி.மீ. இடைவெளி வரவேண்டும். லிவர் நுனியில் அளந்தால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த ஃப்ரீ பிளே இல்லையென்றால், நீங்கள் லிவரைத் தொடாதபோதும் கேபிள், கிளட்ச் பிளேட்டுகளை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கும். அப்புறம் எந்தப் பிளேட் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே அதிகமாகாது, குறையும். ஃப்ரிக்‌ஷன் பிளேட் மெலிந்தால் பிரஷர் பிளேட் உள்ளே இறங்கி, அதைத் தூக்குகிற புஷ் ராடை எதிர்ப்பக்கம் தள்ளும். அதனால் மாசத்துக்கு ஒரு முறையாவது கை வைத்துப் பார்க்க வேண்டும். "லிவர் டைட்டாக இருந்தால்தான் பிடிக்கிறது" என்று கேபிளை இழுத்துக் கட்டுகிறவர்கள் கிளட்ச்சைத் தாங்களே எரிக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, கியர் பாக்ஸில் என்ன ஆயில் இருக்கிறது? யார் ஊற்றினார்கள்?

வேகம்_110:
ப்ரோ இவ்வளவு யோசிக்க வேண்டாம். கிளட்ச் ஸ்பிரிங் போல்ட்டுக்கு அடியில் ஆளுக்கொரு வாஷர் போடுங்க, ஸ்லிப் போயிடும். வாபிளுக்கு, அதான் அந்த ஹேண்டில் உதறலுக்கு, ஆட்டத்தை அடக்குற ஸ்டியரிங் டேம்பர் ஆன்லைனில் கிடைக்கிறது. அதுவரைக்கும் உதறல் வந்தால் இன்னும் கொஞ்சம் முறுக்குங்க, தாண்டிப் போயிடும். என் வண்டி அப்படித்தான் 110 தொடும்.

பழைய_பிஸ்டன்:
வேகம்_110, கோபப்படாதீர்கள், மூன்றையும் மறுக்க வேண்டியிருக்கிறது.

வாஷர் போட்டால் ஸ்பிரிங் அழுத்தம் கூடும், உண்மைதான். ஆனால் லிவர் கல்லாகும், கேபிள் சீக்கிரம் அறும், புஷ் ராடுக்குச் சுமை ஏறும். ஸ்பிரிங் முழுசாக நெருங்கிவிட்டால் கிளட்ச் விடவே விடாது. மெலிந்த பிளேட் அதே மெலிந்த பிளேட்டாகத்தான் இருக்கும்.

டேம்பர் நோயை மறைக்கும் மாத்திரை. கோன் செட் ஆடிக்கொண்டிருக்கிற வண்டியில் டேம்பர் மாட்டினால் 80-ல் வந்த உதறல் 95-ல் வரும். 95-ல் அது வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதை யாரும் தயவுசெய்து செய்யாதீர்கள். உதறல் வந்தால் முறுக்கவும் கூடாது, முன் பிரேக்கை அமுக்கவும் கூடாது. த்ராட்டிலை மெதுவாக விடுங்கள், முட்டியால் டேங்கைக் கவ்வுங்கள், உடம்பை முன்னால் சாயுங்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துச் சண்டை போடாதீர்கள். கை விறைத்தால் அந்த விறைப்பே ஆட்டத்தை வளர்க்கும்.

நெல்லை_கருப்பு:
அண்ணே, லிவர் பார்த்தேன். ஃப்ரீ பிளே சுத்தமாக இல்லை. அட்ஜஸ்டரை விட்டு 3 மி.மீ. வைத்தேன். தனியாக ஓட்டினால் ஸ்லிப் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. டபுள்ஸ் போனால் பாலம் ஏறும்போது இன்னும் வழுக்குகிறது. ஆயில் கடைசியாகப் பக்கத்துக் கடையில் மாற்றியது, என்ன ஆயில் என்று கேட்டு வருகிறேன்.

புல்லட்_வாத்தியார்:
சுலபமான சோதனை ஒன்று சொல்கிறேன். கிக் அடித்துப் பாருங்கள். கிளட்ச் வழுக்கினால் கிக்கும் வழுக்கும், கால் சும்மா கீழே போகும். என் 350 காஸ்ட் அயர்ன் புல்லட்டில் அப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

பழைய_பிஸ்டன்:
வாத்தியாரே, புல்லட்டுக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அதில் கிக் கியர் பாக்ஸ் வழியாகப் போய், கிளட்ச்சைத் தாண்டித்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. யமஹாவில் பிரைமரி கிக். கிக் நேராகக் கிளட்ச் வெளி ஹவுசிங்கில் இருக்கும் கியரைச் சுற்றும், அது கிராங்கைச் சுற்றும். பிளேட்டுக்கு அதில் வேலையே இல்லை. அதனால்தான் இதில் கியரில் இருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக் அடித்து ஸ்டார்ட் செய்ய முடிகிறது. ஆர்எக்ஸில் பிளேட் கரியாகப் போயிருந்தாலும் கிக் கல் மாதிரி நிற்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது.

புல்லட்_வாத்தியார்:
அட, ஆமாம். இத்தனை வருஷம் இது தோன்றவே இல்லை. நன்றி.

கோவை_லேத்:
வாபிளுக்குக் காரணம் என்ன என்று யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. நான் லேத்தில் ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்கும் கை) புஷ் கடைபவன், தினமும் பார்ப்பது.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். ஹேண்டில் மட்டும் வேகமாக அடிக்கிறதா, இல்லை வண்டி மொத்தமும் பாம்பு மாதிரி நெளிகிறதா? இரண்டும் வேறு வேறு. ஹேண்டில் அடிப்பது வினாடிக்கு ஆறேழு முறைகூட வரும், கண்ணால் எண்ண முடியாது. பெரும்பாலும் முன்பக்கக் குற்றம்: கோன் செட், முன் டயர், ரிம், ஃபோர்க். நெளிவது வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான், இடுப்பில் உணர்வீர்கள். அது பின்பக்கம்: ஸ்விங் ஆர்ம் புஷ், பின் வீல் பேரிங், ஷாக், பின்னால் ஏற்றிய சுமை. பழைய வண்டியில் இரண்டும் கலந்தே வரும், அதுதான் தலைவலி.

இன்னொன்று, கயத்தாறு காற்றாலை ஊர். காற்று இல்லாத விடியற்காலையிலும் இதே ஆட்டம் வருகிறதா?

நெல்லை_கருப்பு:
விடியற்காலையிலும் வருகிறது அண்ணே, காற்று இல்லை. ஹேண்டில்தான் அடிக்கிறது. ஆனால் அது தொடங்குவதற்கு முன்னால் பின்பக்கம் லேசாக ஆடுகிற மாதிரியும் இருக்கிறது. 60-லிருந்து கையைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தால், 50-ல் ஒரு சின்ன நடுக்கமும் உண்டு.

பின் டயர் 3.00-18 போட்டிருக்கிறது. மாமா மாற்றினாராம், பார்க்க நன்றாக இருக்கும் என்று.

கோவை_லேத்:
கம்பெனி அளவு முன்னால் 2.50-18, பின்னால் 2.75-18. ரிம் குறுகல். அதில் அகல டயர் ஏற்றினால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடு மட்டும் கூம்பும். நேராகப் போகும்போதே டயர் எந்தப் பக்கம் சாயலாம் என்று தேடிக்கொண்டிருக்கும். இன்னும் அகலமான 100/90 டயர் போட்டு "கிரிப் நன்றாக இருக்கிறது" என்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் 90-ல் கேளுங்கள்.

சரி, வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் வீல் தரையைத் தொடாத மாதிரி இன்ஜினுக்கு அடியில் கட்டை கொடுங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். மேலே டக் டக் என்று தட்டினால் கோன் லூஸ். அடுத்து ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக விடுங்கள். சரியாக நேராக வரும் இடத்தில் எதிலோ உட்காருகிற மாதிரி இருந்தால் கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டது. டைட் செய்தால் போகாது, மொத்த செட்டும் மாற்ற வேண்டும். குழி விழுந்த செட்டை டைட் வைத்து ஓட்டினால் மெதுவாகப் போகும்போதே வண்டி இடமும் வலமும் அலையும்.

பிறகு பின்னால் வாருங்கள். ஒரு ஆள் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் பின் வீலை மேலே பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் வந்தால் அது வீல் பேரிங்கா, புஷ்ஷா என்று பிரிக்க வேண்டும். ஸ்விங் ஆர்மும் ஃபிரேமும் சேருகிற இடத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஆட்டினால் தெரிந்துவிடும். விரலுக்கு அடியில் அசைந்தால் புஷ். ராஜ்தூத் 350 ஓட்டினவர்களைக் கேளுங்கள், அந்த வண்டியின் பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு வெண்கலப் புஷ் கடைந்து போடுவது அந்தக் காலத்திலேயே வாடிக்கை.

ஸ்போக்ஸையும் விடாதீர்கள். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். டிங் என்று கேட்டால் சரி, டொக் என்று கேட்டால் லூஸ். ரிம் சுற்றும்போது ஆட்டம் (அவுட்) 2 மி.மீ. தாண்டினால் வீலைக் கழற்றி எடுத்துக்கட்டுகிறவரிடம் கொடுங்கள்.

ஈப்போ135:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு ஆர்எக்ஸ்இசட், யமஹாவின் இன்னொரு டூ ஸ்ட்ரோக் வண்டி. எக்ஸாஸ்ட் மாற்றி, போர்ட் வேலை செய்த வண்டிகளில் கம்பெனி கிளட்ச் ஸ்பிரிங் தாங்காது, அப்போது மட்டும் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போடுவோம். உங்கள் வண்டி ஸ்டாக் என்றால் ஸ்டாக் ஸ்பிரிங்கே போதும். சைலன்சர் மாற்றியிருக்கிறதா?

நெல்லை_கருப்பு:
ஸ்டாக் சைலன்சர்தான் அண்ணே, பாஃபில்கூட இருக்கிறது.

ஆயில் விஷயம் தெரிந்தது. கடையில் "கார் ஆயில்தான் தம்பி, விலை கூடின ஆயில், உன் வண்டிக்கு ராஜ மரியாதை" என்றார்கள். டப்பாவைக் காட்டச் சொன்னேன். 5டபிள்யூ-30, எனர்ஜி கன்சர்விங் என்று போட்டிருக்கிறது.

பழைய_பிஸ்டன்:
அதுதான் விஷயம். அந்த வகை கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற சேர்க்கை இருக்கும். காரில் கிளட்ச் உலர்ந்தது, தனி அறையில் இருக்கும், ஆயில் படாது. நம் வண்டியில் கிளட்ச் கியர் பாக்ஸ் ஆயிலிலேயே ஊறுகிறது. வழுக்கவைக்க என்றே செய்த ஆயிலில் பிளேட்டை ஊறப்போட்டால் அது எப்படிப் பிடிக்கும்?

புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். டூ ஸ்ட்ரோக்கில் 2டி ஆயில் வேறு, கியர் ஆயில் வேறு. 2டி ஆயில் பெட்ரோலோடு எரிந்து போவது, கிளட்ச் பக்கமே வராது. கிளட்ச்சுக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கான தரக் குறி) என்று போட்ட 20டபிள்யூ-40 பைக் ஆயில் போதும். ஆர்எக்ஸுக்கு 650 மி.லி. போதும். அதற்கு மேல் ஊற்றினால் கிளட்ச்சுக்கு நல்லது என்பதெல்லாம் கதை.

ஆயிலை வடிக்கும்போது முகர்ந்து பாருங்கள். கரிந்த நாற்றம் அடித்தால் பிளேட் ஏற்கெனவே சூடு கண்டுவிட்டது, வெறும் ஆயில் மாற்றினால் தீராது. வடித்த அளவு ரொம்பக் குறைவாக இருந்து, வண்டி வெள்ளையாகப் புகையும் விட்டால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீலைச் சந்தேகப்பட வேண்டும். கியர் ஆயிலைக் கிராங்க் கேஸ் உறிஞ்சிக் குடிக்கும்.

கவர் கழற்றுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 2டி ஆயிலைத் தானாக இன்ஜினுக்கு அனுப்பும் ஆட்டோலூப் பம்ப் வேலை செய்கிற வண்டியா? அப்படியென்றால் பைப்பைக் கழற்றி மாட்டின பிறகு காற்றை வெளியேற்றாமல் ஓட்டவே கூடாது. ஆயில் பைப்பில் ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் வேலைக்குப் போய் போர் வேலையில் முடிந்த கதைகள் உண்டு.

நெல்லை_கருப்பு:
பம்ப் எப்போதோ எடுத்தாகிவிட்டது, பெட்ரோலில் கலந்துதான் ஓட்டுகிறேன். ஆயில் வடித்தேன். தண்ணீர் மாதிரி, தீய்ந்த வாசனை. அளவு சரியாகத்தான் வந்தது.

கவரைத் திறந்துவிட்டேன். ஃப்ரிக்‌ஷன் பிளேட் கறுத்துக் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. ஸ்டீல் பிளேட்டில் அங்கங்கே நீலத் திட்டு. இனி என்ன?

பழைய_பிஸ்டன்:
நீலம் ஏறினால் சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீல் பிளேட்டை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஓரத்தில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் வளைந்துவிட்டது, வேண்டாம். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டைப் புதுசோடு வைத்து வெர்னியரில் அளந்தால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். மினுங்குகிற பிளேட்டை எமரி பேப்பரில் தேய்த்துப் போடுவது ஊருக்குப் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

ஸ்பிரிங்குகளைப் புதுசோடு வரிசையாக நிற்கவைத்துப் பாருங்கள். ஒன்று குட்டையாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் பிரஷர் பிளேட் சாய்ந்து நிற்கும்.

ஹவுசிங் விரல்களில் பிளேட்டின் பல் பட்டுப் பட்டுப் படிக்கட்டு விழுந்திருக்கும். அது ஸ்லிப் தராது, கிளட்ச் விடும்போது குதிப்பும் நியூட்ரல் விழாத தொல்லையும் தரும். லேசாக இருந்தால் அரத்தில் சீவலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கே மாற்ற வேண்டும்.

புதுப் பிளேட்டை மாட்டுவதற்கு முன்னால் அதே கியர் ஆயிலில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காய்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே கரியும். ஸ்பிரிங் போல்ட்டைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக டைட் செய்யுங்கள். பலத்தைக் காட்டினால் போல்ட் இறங்கும் அலுமினியத் தூண் (பாஸ்) ஒடியும், அதற்கு மருந்து இல்லை. கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், ஊறவைத்து பிளேடால் சீவி எடுங்கள்.

சென்னை_புகை:
பார்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது, டூப்ளிகேட் ஏராளம். சென்னை ஜி.பி. ரோடு பார்ட்ஸ் கடைகளில் ஒரே டப்பாவில் மூன்று தரம் கிடைக்கும். பிளேட்டைக் கையில் எடுத்து, ஒட்டியிருக்கிற துண்டுகள் ஒரே உயரமா, இடையில் பசை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கோன் செட்டில் கிண்ணத்தின் உள்பக்கத்தை நகத்தால் வருடுங்கள், கடைசல் கோடு தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நெல்லை_கருப்பு:
கிளட்ச் முடிந்தது. ஃப்ரிக்‌ஷன், ஸ்டீல், ஸ்பிரிங் எல்லாம் புதுசு, 20டபிள்யூ-40. டபுள்ஸில் நாலாவது கியரில் பாலம் ஏறினேன். மீட்டர் முள்ளும் இன்ஜின் சத்தமும் சேர்ந்தே ஏறுகின்றன. வண்டிக்கு இவ்வளவு இழுவை இருந்தது எனக்கே தெரியாது.

வாபிளுக்கு கோவை அண்ணன் சொன்னபடி பார்த்தேன். விரல் வைத்த இடத்தில் புஷ் நன்றாக அசைகிறது. ஹேண்டில் நேராக வரும் இடத்தில் உட்காருகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடவா?

கோவை_லேத்:
பின்னாலிருந்து வாருங்கள். புஷ், டயர், அலைன்மென்ட் முடித்து ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோனுக்குப் போங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், பிறகு ஆட்டம் மிச்சமிருந்தால் எங்கே தேடுவது என்று தெரியாது.

அலைன்மென்ட்டுக்கு ஸ்விங் ஆர்மில் இருக்கிற கோடுகளை நம்ப வேண்டாம், முப்பது வருஷ வண்டியில் அது வெறும் அலங்காரம். கொத்தனார் மாதிரி நூல் பிடியுங்கள். நீளமான நூலின் நடுவைப் பின் டயரின் பின்னால் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமாக முன் வீலுக்கு முன்னால் வரை இழுத்துக் கட்டுங்கள். தரையிலிருந்து ஒரே உயரம், ஸ்டாண்டிலோ சைலன்சரிலோ படக் கூடாது. பின் டயரின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் நூல் தொட்டு நிற்க வேண்டும். முன் டயர் கால் அங்குலம் ஒல்லி, அதனால் அதன் இரண்டு பக்கமும் சுமார் 3 மி.மீ. சந்து தெரியும். ஒரு பக்கம் 6, மறுபக்கம் தொட்டுக்கொண்டு இருந்தால் வண்டி கோணலாக ஓடுகிறது. செயின் அட்ஜஸ்டரைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்பிச் சரி செய்து, செயின் தொய்வையும் மறுபடி பாருங்கள். எவ்வளவு திருப்பினாலும் சந்து சமமாக வரவில்லையென்றால் ஸ்விங் ஆர்மோ ஃபிரேமோ முறுக்கியிருக்கலாம், பிறகு அது வேறு பேச்சு.

வேகம்_110:
நூல் வைத்து நானும் பார்த்தேன். எனக்கு ஒரு பக்கம் 7 மி.மீ. வருது. இதோடதான் இத்தனை நாள் 110 போனேனா?

கோவை_லேத்:
போனீர்கள். பெற்றவர்கள் செய்த புண்ணியம். அட்ஜஸ்டரைத் திருப்புங்கள்.

நெல்லை_கருப்பு:
புஷ் மாற்றி, பின்னால் 2.75 டயர் போட்டு, நூல் பிடித்து நேராக்கினேன். வலது செயின் அட்ஜஸ்டர் நட்டு முக்கால் சுற்று திரும்ப வேண்டியிருந்தது. பின்பக்க ஆட்டம் முழுசாகப் போய்விட்டது. ஹேண்டில் உதறல் 80-லிருந்து 85-க்குத் தள்ளிப் போனது, ஆனால் போகவில்லை.

பிறகு கோன் செட். பழைய கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் குண்டு உட்கார்ந்த இடமெல்லாம் வரிசையாகக் குழி, அம்மி கொத்தின மாதிரி. புதுசு போட்டு, டைட் செய்து, கொஞ்சம் விட்டு, தன் எடையிலேயே ஹேண்டில் இரண்டு பக்கமும் விழுகிற மாதிரி வைத்தேன். இப்போது 90-ல் ஹேண்டில் அசையவில்லை. அதற்கு மேல் போகிற எண்ணம் இல்லை.

60-லிருந்து 50-க்கு இறங்கும்போது அந்தச் சின்ன நடுக்கம் மட்டும் இருக்கிறது.

பழைய_பிஸ்டன்:
முன் டயரை உள்ளங்கையால் சுற்றி வருடிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகக் கைக்குத் தெரிகிறதா?

நெல்லை_கருப்பு:
ஆமாம் அண்ணே, அலை அலையாகத் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வருடினால் வழவழ, எதிர்ப்பக்கம் வருடினால் கையை இடறுகிறது.

பழைய_பிஸ்டன்:
கோன் ஆடின காலத்தில் தேய்ந்த தேய்மானம் அது. இனி எந்த அட்ஜஸ்ட்மென்ட்டாலும் சரியாகாது, முன் டயரும் மாற்றுங்கள். அவசரம் இல்லை, ஆனால் மழைக்கு முன்னால் செய்துவிடுங்கள். காற்றும் பாருங்கள், பெட்ரோல் பங்கில் இரண்டுக்கும் 35 அடித்துவிடுவார்கள். நான் முன்னால் 25, பின்னால் 30 வைக்கிறேன்.

கோவை_லேத்:
புதுக் கோன் செட் ஓட ஓட கொஞ்சம் உட்காரும். சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு மறுபடி கட்டை கொடுத்து ஃபோர்க்கை இழுத்துப் பாருங்கள். டக் என்று கேட்டால் கால் சுற்று டைட் செய்தால் போதும். கிளட்ச் லிவரையும் அன்றைக்கே பாருங்கள், புதுப் பிளேட்டும் கொஞ்சம் இறங்கும்.

நெல்லை_கருப்பு:
சரி அண்ணே. முன் டயர் 2.50-18 இங்கே இருப்பு இல்லை, நாகர்கோவிலில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் மாட்டிவிட்டு எழுதுகிறேன்.